ஆடம்பரமான நடை என்பது எது?



ஒரே ஒரு பெயரடையை எடுத்துக்கொண்டு, அதனை எங்கே ஆளலாம், எங்கே ஆளலாகாது என்பதை இன்று சிறிது ஆராயலாம் என எண்ணுகிறேன். ‘ஆடம்பரமான’ என்பதே அச்சொல். ஆடம்பரமான மாளிகை, ஆடம்பரமான திருமணம் என்று செலவைக் குறித்து வழங்கும் ஆட்சியை நாம் அனைவரும் அறிவோம். அதனை இங்கே விட்டுவிடுவோம். ஆடம்பரமான நடை, ஆடம்பரமான பேச்சு, ஆடம்பரமான கட்டுரை என்று மொழியைக் குறித்து வழங்கும் ஆட்சியே இன்றைய பொருள். பகட்டான, படாடோபமான என்னும் இரு சொற்களும் இதனோடு பிறந்தவை போல உடன் வருவன. ஆகவே அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

ஒரு சொல்லின் ஆட்சிக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று நீங்கள் வினவலாம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு வேண்டும் என்பதே என் விடை. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வளரும் தமிழ்க் குழந்தை வீட்டுத் தமிழைத் தாயிடம் கேட்கிறது. கடைவீதியிலும் பள்ளியிலும் பெரும்பாலும் வேறு மொழியைக் கேட்கிறது. எழுத்துத் தமிழ், மேடைத் தமிழ் என்று ஒன்று உண்டு என்பதை அது அறிவது பெரும்பாலும் தமிழ்ச் சங்கத்து விழாவில்தான்; வரவேற்புரையில், ஆண்டறிக்கையில், பொங்கல் மலரில். அங்கே ஒலிக்கும் தமிழ் வெறும் முழக்கமாக இருப்பின், தமிழ் என்றாலே முழக்கந்தான் என்று அக்குழந்தை முடிவு செய்துவிடும். அதற்காக நாம் அதன்மேல் வருந்திப் பயனில்லை.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. வெளியூரில் வளர்ந்த இளைஞர் ஒருவர் அரும்பாடுபட்டுப் பழந்தமிழ் நூல்களைப் பயின்று, சற்றே உயர்ந்த நடையில் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆடம்பரமான நடை” என்று பெரியவர் ஒருவர் ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டால், அந்த இளைஞர் மறுமுறை எழுதுகோலை எடுப்பது அரிது. வெறும் முழக்கத்துக்குக் கிடைக்கவேண்டிய பெயரடை, முயற்சிக்குக் கிடைத்துவிடுகிறது. இவ்விரண்டு தீங்கையும் தவிர்க்கவேண்டுமாயின், இச்சொல்லின் எல்லையை நாம் அறிந்தாகவேண்டும்.

முதலில் சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். ‘ஆடம்பரம்’ வடசொல். வடமொழியில் இதன் பழம்பொருள் ஒருவகை முரசு என்பதாகும். யசுர் வேதத்தின் வாசசனேயி சங்கிதையிலேயே ஆடம்பர முரசு அறைபவனைப் பற்றிய குறிப்பு உண்டு. முரசைக் குறித்த சொல் பின்னர் முரசின் ஒலியைக் குறித்தது, அதன்பின் பேரொலியை, அதன்பின் பேரொலியோடு கூடிய ஆரவாரக் காட்சியைக் குறித்தது. ஆக, இச்சொல்லின் உள்ளே இன்றும் ஒரு முரசு இருக்கிறது. முரசின் ஓசை பெரிது. உள்ளே இருப்பதோ வெற்றிடம்.

‘படாடோபம்’ என்பதும் வடசொல்லே. பாம்பு தன் படத்தை விரித்துப் பருக்கச் செய்வதுதான் இதன் மூலப்பொருள். நஞ்சில்லாத பாம்பாயினும் படத்தைப் பெரிதாக விரிக்கவேண்டும், நஞ்சு இருக்கிறதோ இல்லையோ விரிந்த படமே அச்சம் தரும் என்னும் கருத்துப் பஞ்சதந்திரத்தில் வருகிறது. ‘பகட்டு’ என்பது பளபளப்பையும் வெளித்தோற்றத்தையும் குறிப்பது. கண்ணைப் பறிக்கும் நிறத்தைப் ‘பகட்டான நிறம்’ என்று இன்றும் சொல்கிறோம்.

இம்மூன்றும் வழக்கில் பெரும்பாலும் ஒன்றற்கொன்று மாற்றி வழங்கப்படுகின்றன. எனினும் பிறப்பை மனத்திற் கொண்டு ஆண்டால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடைக்கும். ஓசை மிகுந்து பொருள் குறைந்த நடை ஆடம்பரமானது. அது செவியைச் சார்ந்தது. மினுக்குச் சொற்களைக் கோத்துக் கண்ணைக் கவரப் பார்க்கும் நடை பகட்டானது. பேசுபவர் தம்மைப் பெரிதாகக் காட்டிக் கேட்பவரை அடக்க முயலும் பேச்சுப் படாடோபமானது. “கட்டுரையாளரின் பகட்டான உவமைகள் இரண்டாம் முறை படிக்கும்போது நிறம் வெளுத்தன” என்று எழுதலாம். “அவருடைய படாடோபமான பேச்சைக் கேட்டு ஐயம் எழுப்ப எவரும் துணியவில்லை” என்று எழுதலாம். இவ்விரு வாக்கியங்களிலும் பெயரடையை இடம் மாற்றிப் பாருங்கள். ஏதோ ஒன்று குறைவது தெரியும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘பம்பாஸ்டிக்’ என்று பயில்கிறார்களே, அச்சொல்லுக்குத் தமிழ் யாது என்று கேட்பதுண்டு. வெடிகுண்டைக் குறிக்கும் ‘பாம்’ என்னும் சொல்லிலிருந்து அது வந்ததாகப் பலர் நினைக்கின்றனர். அது சரியன்று, அதன் மூலம் பஞ்சு. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மேற்சட்டைகளைப் புடைப்பாகக் காட்டுவதற்காக உள்ளே வைத்துத் தைத்த பஞ்சுக்குப் ‘பம்பாஸ்ட்’ என்று பெயர். பின்னர் பஞ்சடைத்துப் புடைத்த பேச்சுக்கும் அதுவே பெயராயிற்று. அதே மூலத்தைச் சார்ந்த ‘பாம்பாக்ஸ்’ என்பதுதான் நம் இலவ மரத்துக்குத் தாவர நூலார் இட்ட இனப்பெயர். இலவு காத்த கிளியின் கதையை நாம் அறிவோம். கனியென்று நம்பிக் காத்திருந்து, பஞ்சு பறப்பதைக் கண்டு ஏமாந்தது அக்கிளி. சில சொற்பொழிவுகளின் முடிவில் கேட்பவர் நிலையும் அதுவே. ‘பம்பாஸ்டிக்’ என்பதற்கு ‘ஆடம்பரமான’ என்பதே நெருங்கிய தமிழ். ஆயின் ‘கிராண்ட்’ என்பதற்கு அது பொருந்தாது. அங்கே ‘கம்பீரமான’ அல்லது ‘வீறுடைய’ என்றே சொல்லவேண்டும். ‘ஆர்னேட்’ என்பதற்கும் பொருந்தாது. அதற்கு ‘அணி நிறைந்த’ என்பது போதும். அணி நிறைந்திருப்பது தன்னளவில் குற்றமன்று.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘ஆடம்பரம்’ என்னும் இச்சொல் இந்திய மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. ஆனால் எங்கும் ஒரே பொருளில் வழங்கவில்லை. வங்காளியில் ஒரு விழா ‘சாடம்பரே’ கொண்டாடப்பட்டது என்று செய்தித்தாள் எழுதுமாயின், அது பாராட்டு. பெருஞ்சிறப்போடு நடந்தது என்பதே பொருள். இந்தியில் ‘ஆடம்பர்’ என்றால் வெளிவேடம் என்னும் இழிபொருள் மேலோங்கி நிற்கும். சிறப்பாக, உள்ளத்தில் பக்தியின்றிப் புறத்தே காட்டும் சடங்குகளை அச்சொல்லால் கடிவது வழக்கம். மராத்தியில் ‘அவடம்பர்’ என்றால் சிறிய செய்தியைப் பெரிதாக்கிச் செய்யும் அமளி. மலையாளத்தில் செல்வச் சொகுசே முன்னே நிற்கும். சொகுசு வரியை அங்கே ‘ஆடம்பர நிகுதி’ என்றனர். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் எதிர்ச்சொல்லாகிய ‘நிராடம்பரம்’ எளிமையைப் புகழும் சொல்.

இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. கொல்கத்தாவில் நெடுநாள் வாழ்ந்த அன்பர், அண்டை வீட்டாரின் வழக்கைப் பின்பற்றி, “நம் சங்கத்து ஆண்டுவிழா ஆடம்பரமாக நடைபெற்றது, தலைவர் ஆடம்பரமான உரை ஒன்றை ஆற்றினார்” என்று அறிக்கையில் எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் பாராட்டியே எழுதினார். ஆனால் சென்னையிலிருந்து அதனைப் படிப்பவர், வீண் செலவையும் வெற்றுப் பேச்சையும் அவர் குறை கூறுகிறார் என்றே கொள்வார். தமிழில் விழாவைப் பாராட்ட ‘சிறப்பாக’, ‘விமரிசையாக’, ‘கோலாகலமாக’ என்னும் சொற்கள் இருக்கின்றன. இவற்றுள் ‘கோலாகலம்’ வேடிக்கையான வரலாறு உடையது. வடமொழியில் அதற்குக் கூச்சல் என்பதே பொருள். இந்தியிலும் ‘கோலாகல்’ என்றால் இரைச்சல்தான். தமிழில் அது மங்கலச் சொல்லாயிற்று. முரசைக் குறித்த சொல் நம்மிடம் வந்து பழிச்சொல் ஆனதும், கூச்சலைக் குறித்த சொல் புகழ்ச்சொல் ஆனதும் வழக்கின் செயல். வழக்கை மீறி மூலத்தைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. தமிழில் நடையைக் குறித்து ‘ஆடம்பரமான’ என்றால் அது குறையே. இதனை முதல் விதியாகக் கொள்வோம்.

குறை எனின், எதன் குறை? இங்கேதான் நம் இலக்கண நூலார் துணைக்கு வருகின்றனர். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துக் கூறுகிறது. குற்றங்களுள் மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை என்னும் நான்கையும் சேர்த்துப் பாருங்கள்; ஆடம்பரமான நடையின் உருவம் அப்படியே தோன்றும். வேண்டியதற்கு மேல் சொல்வது. பொருளின்றிச் சொல்லைத் தொடுப்பது. பெருமுழக்கத்தோடு தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது. சொற்கள் நின்றும் பயன் தராமற் போவது.

ஆனால் அழகுகளின் பட்டியலையும் பார்க்கவேண்டும். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்று தொடங்கும் அப்பட்டியலில் ‘ஓசையுடைமை’ என்பதும் ஓர் அழகு. ஓசையைப் பவணந்தியார் விலக்கவில்லை. வேண்டும் என்றே விதிக்கிறார். அதற்கு அடுத்து அவர் வைத்திருக்கும் அழகு ‘ஆழமுடைத்தாதல்’. ஓசையும் ஆழமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. ஓசை ஆழத்துக்கு ஒத்து நின்றால் அது கம்பீரமான நடை. ஆழம் மிகுந்து ஓசை அடங்கி நின்றால் அது செறிவான நடை. ஓசை ஆழத்தை விஞ்சினால், அப்போதுதான், அப்போது மட்டுந்தான், அது ஆடம்பரமான நடை.

வடநூலாரும் இவ்வழியே எண்ணினர். 7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னனின் அவையில் இருந்த பாணர், தம் ஹர்ஷசரிதத்தின் தொடக்கத்தில் நாட்டின் நான்கு திசைப் புலவர்களின் நடையையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். வடக்கே சிலேடை மிகுதி என்றும், மேற்கே பொருள் மட்டுமே என்றும், தெற்கே தற்குறிப்பேற்றம் என்றும், கிழக்கே கௌட நாட்டில் எழுத்துகளின் டம்பம் என்றும் அவர் கூறினார். ‘ஆடம்பரம்’ என்பதோடு உறவுடைய ‘டம்பரம்’ என்னும் சொல்லையே அவர் அங்கு ஆள்கிறார். இதைக் கொண்டு கிழக்குத் திசை நண்பர்களை நாம் எள்ளவேண்டியதில்லை. பாணர் எல்லாத் திசையிலும் ஒரு குறை கண்டார், தென்னாட்டையும் விட்டுவைக்கவில்லை. நாம் கருதவேண்டியது வேறு. பாணரின் சொந்த உரைநடையோ நெடிய தொகைச்சொற்கள் பக்கம் பக்கமாகத் தொடர்வது. அத்தகையவர் பிறரிடம் எழுத்துகளின் டம்பத்தைக் குறை கூறுவானேன்? நல்ல காவியத்துக்கு வேண்டியவற்றை அவரே அடுத்துக் கூறுகிறார். புதுப்பொருள் வேண்டும், தெளிந்த சுவை வேண்டும் என்பவர், அவற்றோடு வீறுடைய எழுத்தமைப்பும் வேண்டும் என்கிறார். இவை யாவும் ஓரிடத்தில் கூடுவது அரிது என்றும் சொல்கிறார். ஓசையமைப்பு மற்றவற்றோடு கூடி நின்றால் அவருக்கு அது சிறப்பு. அது தனித்து நிற்கும்போதுதான் டம்பம்.

காஞ்சியில் வாழ்ந்த தண்டியாசிரியர் இக்கருத்தை வைதருப்பம், கௌடம் என்னும் இரு நெறிகளாக வகுத்தார். அதனைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரமும் செறிவு, தெளிவு முதலிய பத்துக் குணங்களைக் கூறி, இரு நெறியாரும் அவற்றை எவ்வாறு கொள்வர் என்று விளக்குகிறது. உலக இயல்புக்கு ஒத்த புகழ்ச்சியை ஒரு நெறியார் விரும்புவர்; அதனைக் கடந்த மிகைப் புகழ்ச்சியை மற்றவர் விரும்புவர். ஆக, நடையின் அளவு பற்றிய இவ்வாராய்ச்சி தமிழ்ப் பாடசாலைகளில் நூற்றாண்டுகளாகப் பயிலப்பட்டதே. நமக்கு இது புதிய வழக்கன்று.

அளவுகோல் இருக்கட்டும், அன்றாடம் அதனைக் கையாள்வது எங்ஙனம்? எளிய சோதனை ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய வாக்கியத்தை எடுத்துச் சாதாரணச் சொற்களில் மாற்றி எழுதிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லையாயின், முதல் வாக்கியம் ஆடம்பரமானது. ஏதேனும் ஒரு நுட்பம், ஓர் உணர்ச்சி, ஒரு வேறுபாடு குறைந்துவிட்டதாயின், முதல் வாக்கியத்தின் உயர்நடை தன் கூலிக்கு உழைத்தது. அதனை ஆடம்பரமானது என்பது அநீதி.

எடுத்துக்காட்டாக ஒரு வரவேற்புரை: “தரணி போற்றும் தன்னிகரற்ற தகைமையாளரே, வானளாவும் புகழ் படைத்த வள்ளலே, தங்கள் பொன்னடி பட்டதால் இம்மண்டபம் புனிதம் பெற்றது.” இதனை மாற்றி எழுதினால், “ஐயா, வருக” என்பதே மிஞ்சும். வேறு ஒன்றும் குறையவில்லை. மேலும், இவ்வுரையை அடுத்த ஆண்டு வேறொரு விருந்தினர்க்கு ஓர் எழுத்தும் மாற்றாமல் படிக்கலாம். எவர்க்கும் பொருந்தும் புகழ்ச்சி எவரையும் புகழ்வதில்லை. இதனை ஆடம்பரமான உரை என்று தயங்காமல் சொல்லலாம். இதற்கு மாறாக, “இந்நகரில் தமிழ் வகுப்புக்கு இடம் கிடைக்காதபோது, தம் வீட்டு முன்னறையைப் பதினோர் ஆண்டு திறந்து வைத்தவர் இவர், அவ்வறையில் எழுத்தறிந்த பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளோடு இங்கே அமர்ந்திருக்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், அதில் ஓர் அரிய சொல்லும் இல்லை, ஆயினும் அவை எழுந்து நிற்கும்.

இரங்கல் உரையிலும் இவ்வேறுபாடு உண்டு. “ஈடுசெய்ய இயலாத இழப்பு”, “ஆறாத்துயரில் ஆழ்த்தியது” என்னும் தொடர்களை அச்சிட்ட படிவம் போல நாம் பயன்படுத்துகிறோம். இறந்தவரை ஒருமுறையும் கண்டிராதவர் அவற்றை எழுதினால் அவை ஆடம்பரமானவை. அதே சொற்களை அவருடைய மனைவி கூறும்போது அவை மெய். அங்கே அப்பெயரடையை நினைப்பதும் கொடுமை. ஆகவே ஒரு தொடர் தன்னளவில் ஆடம்பரமானதென்றோ அன்றென்றோ முடிவு செய்ய இயலாது. யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதையும் தராசில் வைத்தாகவேண்டும்.

இனி, இப்பெயரடை தவறாகச் சுமத்தப்படும் இடங்களைக் காண்போம்.

நீளம் ஆடம்பரமன்று. நாற்பது பக்க அறிக்கையில் ஒவ்வொரு பக்கமும் செய்தி கூறுமாயின் அதனை ‘விரிவான’ என்போம். அவ்வாறே சிறு வாக்கியமும் ஆடம்பரத்துக்கு விலக்கன்று. திரு. வி. கலியாணசுந்தரனார் சிறுசிறு வாக்கியங்களால் மேடையிலும் இதழிலும் பெருவீறு காட்டினார். அவர் வழியில் எழுதப் புகுந்து, பொருளை விட்டுத் துண்டு வாக்கியங்களை மட்டும் அடுக்கியவர் எழுத்தை ஆடம்பரமானது எனலாம், ஆசிரியருடையதை அன்று.

அருஞ்சொல் ஆடம்பரமன்று. ‘விழுமியம்’ என்று ஒருவர் எழுதியவிடத்து ‘மதிப்பு’ என்று மாற்றிப் பாருங்கள். ‘மதிப்பு’ என்பது விலையையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். அந்த மயக்கத்தை நீக்கவே அவர் அருஞ்சொல்லை நாடினாராயின், அது தேவை பற்றி வந்தது. தேவையின்றி ‘வந்தார்’ என்பதற்கு ‘எழுந்தருளினார்’ என்றும், ‘சொன்னார்’ என்பதற்கு ‘திருவாய் மலர்ந்தருளினார்’ என்றும் ஓர் உள்ளூர்ப் பிரமுகரைப் பற்றி எழுதுவாராயின், அதுவே ஆடம்பரம்.

எதுகை மோனையும் ஆடம்பரமன்று. ரா. பி. சேதுப்பிள்ளையவர்களின் உரைநடை அடுக்குமொழிக்கும் மோனைக்கும் பெயர் பெற்றது. அவருடைய ‘தமிழின்பம்’ 1955-ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமியின் பரிசைப் பெற்றது. அவர் நடையைச் சிலர் மிகை என்பர். சிலர் இசை என்பர். ஆனால் ‘ஊரும் பேரும்’ என்னும் அவருடைய நூலைப் படிப்பவர், அந்த ஓசைக்குள்ளே தமிழக ஊர்ப்பெயர்களைப் பற்றிய ஆராய்ச்சி நிறைந்திருப்பதைக் காண்பர். ஓசையும் ஆழமும் உடன்நிற்கும் இடத்தில் அப்பெயரடையை எச்சரிக்கையோடு ஆளவேண்டும்.

மரியாதை வாய்பாடும் ஆடம்பரமன்று. “பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு” என்று கடிதம் தொடங்குவதும், “தங்கள் அன்புள்ள” என்று முடிப்பதும் வழக்கம் பற்றியவை. வாயிலில் நின்று வணக்கம் கூறுவது போன்றவை அவை. அவற்றை எவரும் பொருள் நிறுத்துப் பார்ப்பதில்லை.

எளிமை வேறு, வறுமை வேறு என்பதையும் இங்கே கூறவேண்டும். 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதியார் எளிய சொல்லும் எளிய நடையும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த முன்னுரையைத் தொடர்ந்து வரும் காவியமோ பெரும் வீறுடையது. எளிய நடை என்றால் வீறற்ற நடை என்று அவர் கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும். ஆடம்பரத்துக்கு அஞ்சி மொழியை வற்றவைப்பதும் தவறுதான். ‘வெற்றெனத் தொடுத்தல்’ எளிய சொற்களாலும் நிகழும்.

இனி இலக்கணம் பற்றிச் சில குறிப்புகள். எழுதுபவர்க்கு இவை பயன்படும்.

பெயரடையை அது தழுவும் பெயருக்கு அருகிலேயே வைக்கவேண்டும். “ஆடம்பரமான தலைவரின் உரை” என்று எழுதினால் ஆடம்பரம் தலைவருக்கோ உரைக்கோ என்பது தெரியாது. “தலைவரின் ஆடம்பரமான உரை” என்று எழுதினால் ஐயமில்லை. நாம் குறை கூறுவது நடையை, ஆளை அன்று. ஒரு சொல்லின் இடமாற்றத்தால் ஒரு மனிதரைப் புண்படுத்தும் நிலை வேண்டாம்.

வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் அறிந்து எழுதவேண்டும். ‘ஆடம்பரமான பேச்சு’ என்பதில் ‘ஆன’ பெயரெச்சம். ஆகவே வல்லினம் மிகாது. ‘ஆடம்பரமாகப் பேசினார்’ என்பதில் ‘ஆக’ வினையைத் தழுவி வருவது, அங்கே மிகும். ‘ஆடம்பரப் பேச்சு’, ‘பகட்டுப் பேச்சு’ என்னும் தொகைகளிலும் மிகும். பிள்ளைகளுக்கு இந்நான்கு தொடர்களையும் சேர்த்து ஒருமுறை எழுதிக் காட்டினால் விதி மனத்தில் நிற்கும்.

பெயரடைகளை அடுக்கலாகாது. “மிகவும் ஆடம்பரமான, பகட்டான, படாடோபமான நடை” என்று ஒருவர் மதிப்புரை எழுதினால், நோயைச் சொல்ல வந்தவர்க்கே நோய் தொற்றிக்கொண்டது எனலாம். ஒன்று போதும். ‘மிகவும்’ என்னும் அடையும் இதற்கு வேண்டியதில்லை. மிகை என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக, இப்பெயரடையைத் தனியே விடாமல், காரணத்தோடு கூட்டி எழுதுங்கள். “கட்டுரை ஆடம்பரமான நடையில் உள்ளது” என்று நிறுத்தினால் அது தீர்ப்பு மட்டுமே. “கட்டுரை ஆடம்பரமான நடையில் உள்ளது, மூன்று பத்திகளில் தஞ்சைக் கோயிலின் பெருமையைப் புகழ்கிறது, அதைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பதைக் கூறவில்லை” என்று எழுதினால் அது வழிகாட்டல். எழுதிய இளைஞர் அதனைப் படித்துவிட்டுத் தம் கட்டுரையைத் திருத்துவார், எழுதுவதை விட்டுவிடமாட்டார். முதலில் நான் கூறிய இரு தீங்குகளுள் ஒன்று இவ்வாறு நீங்கும்.

மற்றொன்றும் நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த விழாவுக்கு வரவேற்புரை எழுத உங்களைக் கேட்பார்கள். எழுதியதை வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, “நான் என்ன சொன்னேன்?” என்று கேளுங்கள். அப்பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்லுமாயின் உங்கள் உரை நல்ல உரை. அதில் உயர்ந்த சொல் பத்து இருப்பினும் கேடில்லை. பிள்ளை விழித்து நின்றால், தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அப்பிள்ளையும் அன்று அவையில் அமர்ந்திருக்கும். தமிழ் தனக்கு ஏதோ சொல்கிறது என்று அதற்குத் தோன்றவேண்டும்.